எழுபது வயது நாளிதழ் பொடிகிறது, நானூறு வயது புத்தகம் வளைகிறது: ஏன்?

பல்கலைக்கழக நூலகக் காப்பகத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் எனக்கு அடிக்கடி வரும் கேள்விதான். இந்த முறை ஒரு வாசகர் கொஞ்சம் கோபமாகவே கேட்டிருந்தார். வீட்டில் 1950களின் நாளிதழ்க் கட்டு ஒன்றை வைத்திருக்கிறாராம். தொட்டாலே ஓரம் உதிர்கிறது. ஆனால் ஒரு கண்காட்சியில் பார்த்த, 1600களில் அச்சான புத்தகத்தின் தாள் அத்தனை வெளுப்பாக, புரட்டினால் வளைந்துகொடுக்கிறது. பழையதுதானே முதலில் கெட வேண்டும்?

வயதுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. ஆனால் தாள் எப்படிப் பிறந்தது என்பதற்குத்தான் தொடர்பு அதிகம். அந்தக் காலத்து ஐரோப்பியத் தாள் கந்தல் துணியிலிருந்து வந்தது. பருத்தியும் லினனும் கிட்டத்தட்டத் தூய செல்லுலோஸ், அதாவது தாவர நாரின் அடிப்படைப் பொருள். மை ஊறிப் பரவாமலிருக்க மேலே ஜெலட்டின் பூசினார்கள். அச்சும் படிப்பும் பெருகப் பெருகக் கந்தல் போதவில்லை. 1807இல் மோரிட்ஸ் ஃப்ரீட்ரிக் இல்லிக் என்ற ஜெர்மானியர், ஜெலட்டினுக்குப் பதிலாகப் பைன் மரப் பிசினையும் படிகாரத்தையும் கூழிலேயே கலக்கும் முறையை வெளியிட்டார். 1844 வாக்கில் ஃப்ரீட்ரிக் கோட்லோப் கெல்லர் மரத்தை அரைத்துக் கூழாக்கும் வழியைக் கண்டார். தாள் மலிவானது, செய்தித்தாள் எல்லோருக்கும் எட்டியது. அதற்குள்ளேயே அதன் எமனும் வந்து உட்கார்ந்துகொண்டது.

எமன் படிகாரம்தான். காகித ஆலையில் படிகாரம் என்றால் அலுமினியம் சல்பேட். ஈரம் பட்டால் அமிலத்தைக் கொடுக்கும் உப்பு. தாளில் எப்போதும் காற்றிலிருந்து பிடித்த கொஞ்சம் ஈரம் இருக்கும், எனவே அமிலமும் எப்போதும் இருக்கும். அரைத்த மரக்கூழில், மரத்தின் நார்களைப் பிணைத்து விறைப்பாக வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளும் அப்படியே தங்கிவிடுகிறது. வெளிச்சத்திலும் காற்றிலும் அது ஆக்சிஜனேற்றம் அடைந்து மஞ்சளாகிறது. மஞ்சளாவது லிக்னின் விவகாரம், பொடிவது அமில விவகாரம். இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்புவோர் பலர்.

இனி எனக்கு மிகப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் வளையங்கள் வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலி. இரண்டு வளையங்களுக்கு நடுவே பாலமாக ஓர் ஆக்சிஜன் அணு. அமிலத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் அயனி அந்த ஆக்சிஜன்மேல் ஒட்டுகிறது. பாலம் பலவீனமாகி அறுகிறது. அறுந்த முனையில் ஒரு நீர் மூலக்கூறு வந்து சேர்ந்ததும் ஹைட்ரஜன் அயனி மறுபடி விடுபட்டுவிடுகிறது. செலவானது நீர் மட்டுமே. அயனி ஒரு வீட்டில் நாரதர் வேலையை முடித்துவிட்டுக் கலையாமல் அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறது. ஒரே அயனி எத்தனை பாலங்களை வேண்டுமானாலும் அறுக்கலாம். வினையூக்கி என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். தாளில் அமிலம் துளியளவே இருந்தாலும் அவகாசம் இருந்தால் போதும்.

எத்தனை பாலங்கள் அறுந்தால் தாள் சாகும்? கணக்கிட்டால் வியப்பாக இருக்கும். ஒரு சங்கிலியில் ஆயிரம் வளையங்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பாலங்கள் 999. சராசரி நீளம் இருநூறு முந்நூறு வளையங்களுக்கு இறங்கும்போது தாள் வலுவை இழந்துவிடுகிறது. ஆயிரத்தை இருநூறாக்க எத்தனை வெட்டு? நான்கே நான்கு! 999இல் 995 பாலங்கள் அப்படியே நிற்கின்றன, ஆனால் பக்கம் மடித்தால் முறிகிறது. வேதியியல் ரீதியாகப் பார்த்தால் அந்தத் தாளில் கிட்டத்தட்ட எதுவுமே நடக்கவில்லை. ஒவ்வொரு வெட்டிலும் ஒரு நீர் மூலக்கூறு உள்ளே சேர்வதால் இந்த வினையில் எடைகூட இம்மியளவு கூடத்தான் செய்கிறது.

வெட்டு விழும் இடமும் முக்கியம். செல்லுலோஸ் இழைக்குள் சங்கிலிகள் சில இடங்களில் நெருக்கமாக, ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். சில இடங்களில் தளர்ந்து, கலைந்து கிடக்கும். ஒழுங்கான பகுதிக்குள் நீரும் அமிலமும் எளிதில் நுழைய முடியாது. தளர்ந்த பகுதிக்குள் தாராளமாக நுழையும். தாள் வளைவதே அந்தத் தளர்ந்த பகுதிகளின் தயவால்தான். ஆக, எது நெகிழ்வைத் தருகிறதோ அதையே தேடிப்போய் அமிலம் வெட்டுகிறது. மிஞ்சுவது விறைப்பான துண்டுகள். உங்கள் நாளிதழ் கிழியாமல் முறிவது இதனால்தான்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. சிதையும் தாள் தானே புதிய அமிலங்களை உண்டாக்குகிறது: அசெட்டிக் அமிலம், ஃபார்மிக் அமிலம். அவை மேலும் சங்கிலிகளை அறுக்கின்றன. அறுபட்டதிலிருந்து மேலும் அமிலம். வினை தன்னைத் தானே வேகப்படுத்திக்கொள்கிறது. அதனால்தான் ஒரு தாள் பல்லாண்டு நன்றாக இருப்பதுபோல் தெரிந்துவிட்டு, பிறகு விறுவிறுவென்று கெடும்.

இந்த வினைப்பொருட்களில் சில ஆவியாகிக் காற்றில் கலக்கும். பழைய புத்தக வாசனை என்று பலர் கண்ணை மூடி ரசிப்பது அதைத்தான். 2009இல் மாட்டியா ஸ்டிர்லிச்சும் உடன் பணியாற்றியவர்களும் 72 பழைய தாள்கள் விடும் ஆவிகளை அளந்து, அவற்றைக் கொண்டே தாளின் அமிலத்தன்மையையும் லிக்னின் அளவையும் மதிப்பிடலாம் என்று காட்டினார்கள். பக்கத்தைக் கிள்ளி எடுக்காமல் முகர்ந்தே நோய் கண்டறிவது! இத்தகைய ஆய்வுகளுக்குக் கூடுதலாகப் பணம் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை. வாசனை இனிமையாக இருக்கிறது என்று யாராவது அலமாரி அருகே நின்று சொன்னால் நான் தெர்மாமீட்டரைப் பார்ப்பேன்.

ஏனென்றால் வெப்பம்தான் எங்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம். 25 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கு இறக்கினால் நீர் சேர்ந்து பாலம் அறுபடும் இந்த வினையின் (நீராற்பகுப்பு என்பார்கள்) வேகம் ஏறக்குறைய பாதியாகிறது. 30 டிகிரியிலிருந்து 15க்குக் கொண்டுவந்தால் எட்டில் ஒரு பங்கு. தாளைத் தொடாமலே அதன் ஆயுளைக் கூட்டலாம். ஈரப்பதத்தையும் கட்டுக்குள் வைக்க வேண்டும், வினைக்கு நீர் தேவை அல்லவா? ஆனால் பக்கங்களை நகலெடுக்கும் ஸ்கேனருக்குக் கிடைக்கும் நிதி குளிரூட்டும் கருவியின் மின்கட்டணத்துக்குக் கிடைப்பதில்லை. ஸ்கேனருக்குத் திறப்பு விழா உண்டு, மின்கட்டணத்துக்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்? ஸ்கேன் செய்வது வேண்டாம் என்று சொல்லவில்லை. மூலத்தைப் பலர் கைபடாமல் காப்பது அதுதான். ஆனால் நகல் எடுத்துவிட்டோம் என்று மூலத்தை வெக்கையில் விட்டுவிடுவதை ஏற்க முடியாது.

அமிலத்தை நேரடியாகவே முறிக்கவும் முடியும். காரத்தன்மையுள்ள கால்சியம் அல்லது மக்னீசியம் சேர்மங்களைத் தாளுக்குள் செலுத்தினால் இருக்கும் அமிலம் நடுநிலையாகும், மிச்சம் இனி வரப்போகும் அமிலத்துக்குக் காவலாக நிற்கும். தாள் தாளாக ஊறவைத்தால் ஒரு நூலகத்துக்கே ஆயுள் போதாது. மொத்தமாகச் செய்ய, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் டைஎத்தில் துத்தநாகம் என்ற ஆவியை முயன்றது. காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் பொருள் அது. 1980களின் நடுவில் நாசா வளாகத்தில் சோதித்தபோது விபத்தே நடந்துவிட்டது. புத்தகத்தைக் காப்பாற்ற ராக்கெட் எரிபொருளின் சுபாவம் கொண்ட ஒன்றைத் தேர்ந்தெடுத்த துணிச்சலை நான் இன்றும் மெச்சுகிறேன்! பிறகு வந்த முறைகளில் ஒன்று, நுண்ணிய மக்னீசியம் ஆக்சைடு துகள்களைத் தாளில் படியவைப்பது. எந்த முறையும் அறுந்த பாலத்தை ஒட்டாது. இனி அறுபடுவதை மட்டுமே குறைக்கும்.

வாசகருக்குச் சில வார்த்தைகள். நாளிதழ் நறுக்குகளை நல்ல புத்தகத்துக்குள் வைக்காதீர்கள். அமிலம் பக்கத்துத் தாளுக்கும் நகரும், நறுக்கின் வடிவத்திலேயே பழுப்பு நிழல் விழும். காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் இறுக மூடினால் தாள் விடும் அமில ஆவி உள்ளேயே தங்கிவிடும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், சூட்டோடு ஒட்டியதைப் பிரிப்பது பெரும்பாடு. வெள்ளைக் கையுறை போட்டால்தான் பழைய தாளைத் தொடலாம் என்பதும் திரைப்படங்கள் பரப்பிய நம்பிக்கை. துணிக்கையுறையில் விரலின் உணர்வு போய்விடும், உதிரும் ஓரம் நூலில் மாட்டும். கழுவித் துடைத்த கை போதும். புகைப்படங்களுக்குத்தான் கையுறை. காரம் சேர்த்த உறைகளை நாளிதழுக்குத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், ஆனால் அதே பெட்டியில் சயனோடைப் எனப்படும் பழைய நீலநிறப் புகைப்பட அச்சுகள் இருந்தால் அவற்றைத் தனியே எடுத்துவிடுங்கள். காரம் பட்டால் அந்த நீலம் வெளிறிப்போகும்.