வெஷமம் என்ற சொல்லுக்கு ஒரு வேலை இருக்கிறது

கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளைப் பக்கம் ஒரு பிள்ளை "எனக்கு வெஷமமா இருக்கு" என்றால் மனசு நோகிறது என்று பொருள். மலையாளத்தோடு உறவாடி வந்த சொல். மதுரையிலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியர் காதில் அது 'விஷமம்', அதாவது குறும்பு என்று விழும்.

இந்தப் பேச்சை வைத்துத்தான் பல நேரம் கேலியே தொடங்கும். பத்தாம் வகுப்பு வாட்ஸாப் குழு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாணவியின் குரல் பதிவை ஒருவன் அவளைப் போலவே பேசித் திருப்பிப் போடுகிறான். வரிசையாகச் சிரிப்பு எமோஜிகள். அப்புறம் அவளைச் சேர்க்காமல் ஒரு புதுக் குழு.

"ஃபோன்லதானே, விடு" என்கிறோம். மூளை அப்படி விடுவதில்லை. 2003இல் நவோமி ஐசன்பெர்கர் குழுவினர் கணினியில் பந்தெறியும் விளையாட்டு ஒன்றை வைத்துச் சோதித்தார்கள். கூட விளையாடுபவர்கள் பந்தைத் தராமல் ஒதுக்கியபோது, உடல்வலியின் வேதனையோடு தொடர்புள்ள மூளைப் பகுதி ஒன்று கூடுதலாக இயங்கியது. ஒதுக்கியவர்களின் முகத்தைக்கூட ஒதுக்கப்பட்டவர்கள் பார்க்கவில்லை.

கேலி செய்கிறவனுக்கும் முகம் தெரிவதில்லை. நேரில் என்றால் அவள் கண் கலங்குவது அவனைத் தடுத்திருக்கும். திரையில் அந்தத் தடை இல்லை. அவசரத்துக்குக் கடிவாளம் போடும் முன்மூளைப் புறணியோ இருபது வயது தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கும்.

உணர்வறிவு என்ற கருத்தை 1990இல் பீட்டர் சாலவேயும் ஜான் மேயரும் முன்வைத்தார்கள். தன் உணர்வையும் பிறர் உணர்வையும் பிரித்தறிந்து, அதைக் கொண்டு யோசித்து நடப்பது என்று சுருக்கமாகச் சொல்லலாம். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது உணர்வுக்குப் பெயர் வைப்பது. 2007இல் மாத்யூ லீபர்மன் குழுவினர் கோபமும் பயமும் தெரியும் முகங்களைக் காட்டினார்கள். அந்த உணர்வுக்கு ஏற்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, ஆபத்தை உணர்ந்து பதறும் மூளைப் பகுதியான அமிக்டலாவின் இயக்கம் குறைந்தது. முகத்துக்கு ஆள் பெயரைப் பொருத்தியபோது அந்த அளவு குறையவில்லை.

ஆனால் ஒன்று. எங்கே குத்தினால் வலிக்கும் என்று தெரிந்து குத்துகிறவனுக்கும் பிறர் மனம் படிக்கத் தெரியும். அதனால் "நீ உணர்வைக் கட்டுப்படுத்து" என்று அடிபட்ட பிள்ளைக்கு மட்டும் பாடம் எடுப்பது அநியாயம். குழுவை நடத்துகிறவன் அந்தப் பதிவை நீக்க வேண்டும், பெரியவர்கள் தலையிட வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து வையுங்கள். 1098, குழந்தைகளுக்கான உதவி எண்.

பிள்ளை "வெஷமம்" என்றால் அந்தச் சொல்லைத் திருத்தாதீர்கள். "எதுக்கு மக்கா?" என்று கேளுங்கள்.