போன்மி: ‘மீம்’ என்பதற்குத் தமிழில் ஒரு பெயர்

‘ஒரு மீம்ஸ் பார்த்தேன்’ என்றுதான் இன்று பலரும் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் பன்மையைக் காட்டும் ‘ஸ்’ தமிழுக்கு வரும் வழியில் சொல்லோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அது பன்மை என்பதே மறந்துபோனதால், பல படங்களைக் குறிக்க ‘மீம்ஸ்கள்’ என்று மறுபடியும் பன்மை விகுதி சேர்க்கிறோம். நாளிதழ்களிலும் இந்த வடிவம் ஏறிவிட்டது. ஒலியளவில் ‘மீம்’ தமிழுக்குப் பொருந்தாத சொல் அன்று. நெட்டெழுத்தில் தொடங்கி மகரமெய்யில் முடிகிறது. நாக்குக்கு உறுத்தல் இல்லை. ஆனாலும் இதற்குத் தமிழில் ஒரு நல்ல சொல் உண்டு என்பதையும், அது ஏன் நல்ல சொல் என்பதையும் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும் என்று தோன்றுகிறது.

முதலில் பொருள். கைப்பேசியில் வந்து விழும் சிரிப்புப் படம் என்பதுதான் மீம் பற்றிய பொதுவான எண்ணம். இந்தச் சொல் பிறந்த 1976-இல் சிரிப்புக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ரிச்சர்டு டாக்கின்ஸ் என்ற ஆங்கிலேய உயிரியலாளர் ‘தி செல்ஃபிஷ் ஜீன்’ என்ற தம் நூலின் இறுதி இயலில் இதைப் படைத்தார். மரபணு தன்னைத்தானே நகலெடுத்துக்கொண்டு தலைமுறைகளைக் கடந்து வாழ்கிறது. மனிதப் பண்பாட்டிலும் அப்படித் தன்னை நகலெடுத்துக்கொள்ளும் ஓர் அலகு இருக்க வேண்டும் என்பது அவருடைய கருத்து. ஒரு மெட்டு, ஒரு கருத்து, எல்லார் வாயிலும் புழங்கும் ஒரு தொடர், உடையில் ஒரு புதுப்பாங்கு, பானை வனையும் முறை, வளைவு கட்டும் முறை ஆகியவற்றை அவர் எடுத்துக்காட்டாகச் சொன்னார். ஒருவரைப் பார்த்து இன்னொருவர் செய்ய, அவரைப் பார்த்து வேறொருவர் செய்ய, மூளையிலிருந்து மூளைக்குத் தாவிச் செல்பவை இவை.

பெயர் வைக்கும்போது அவர் கிரேக்க வேரை நாடினார். ‘மிமீம்’ என்றால் போலச் செய்யப்பட்டது என்று பொருள். நாம் மேடைகளில் பார்க்கும் ‘மிமிக்ரி’யும் அந்தக் குடும்பத்துச் சொல்தான். ‘ஜீன்’ என்பதோடு ஓசை ஒத்துவர ஓரசைச் சொல்லாக இருக்கட்டும் என்று முன்பகுதியை வெட்டி ‘மீம்’ ஆக்கினார். ஒரு பழைய சொல்லைக் குறுக்கிப் புதிய சொல் செய்தார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்ச்சொல் பிறந்த விதத்தைப் பார்க்கும்போது இது உதவும்.

இணையத்துக்கு இச்சொல்லைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க வழக்கறிஞர் மைக் காட்வின். 1994-இல் ‘வயர்டு’ இதழில் எழுதிய கட்டுரையில், இணைய உரையாடல்களில் தொற்றிப் பரவும் கருத்துகளை அவர் இப்பெயரால் குறித்தார். பிறகு படங்களும் ஒலிகளும் வந்தன. ‘ஜீரோ விங்’ என்ற ஜப்பானிய வீடியோ கேமின் ஐரோப்பியப் பதிப்பில் இருந்த தப்பும் தவறுமான ஓர் ஆங்கில வசனம், விளையாட்டு வந்து பல ஆண்டுகள் கழிந்து 2001 வாக்கில் உலகெங்கும் ஒட்டப்பட்டது. அந்த விளையாட்டைத் தொட்டே பார்க்காதவர்கள் அதைச் சொல்லித் திரிந்தார்கள். ரிக் ஆஸ்ட்லி 1987-இல் பாடிய ஒரு பாட்டு 2007-இல் மறுபிறவி எடுத்தது. ஏதோ முக்கியமான இணைப்பு என்று நம்பிச் சொடுக்கினால் அந்தப் பாட்டு ஓடும். ஏமாந்தவர் அடுத்தவரை அதே வழியில் ஏமாற்றுவார். இங்கே பரவியது பாட்டு மட்டுமன்று, ஒரு செய்கை.

டாக்கின்ஸுக்கு இந்தப் பொருள்மாற்றம் முழு உடன்பாடில்லை. 2013-இல் பிரான்ஸின் கான் நகரில் பேசியபோது, இணையத்து மீம் தம்முடைய மூலக்கருத்தைக் கடத்திக்கொண்டு போய்விட்டது என்றார். மரபணு தற்செயலாக மாறுகிறது. இணையத்து மீமை மனிதர்கள் வேண்டுமென்றே மாற்றுகிறார்கள் என்பது அவர் காட்டிய வேறுபாடு. சரியான வேறுபாடுதான். ஆனால் நகலெடுத்தல் என்ற அடிப்படை இரண்டிலும் மாறவில்லை. ஒருவரும் திருப்பிச் செய்யாத நகைச்சுவை, எவ்வளவு நன்றாக இருந்தாலும், மீம் ஆகாது.

இந்த இடத்தில்தான் சில தமிழாக்கங்கள் தடுக்கி விழுகின்றன. ‘கேலிச்சித்திரம்’ என்பது கார்ட்டூனுக்கு நிலைபெற்ற பெயர். அது ஓவியர் ஒருவர் வரைந்து கையெழுத்திடும் படம். அதை நாம் ரசிக்கிறோம், திருப்பி வரைவதில்லை. ‘பகடிப்படம்’, ‘நகைப்படம்’ போன்றவை சிரிப்பையும் படத்தையும் பிடித்துக்கொண்டு நகலைக் கோட்டைவிடுகின்றன. படமே இல்லாத மீமுக்கு நம்மிடமே பெரிய சான்று இருக்கிறது. 2019 மே மாதக் கடைசியில், ஃபேஸ்புக்கில் பொறியியல் பக்கம் ஒன்று சுத்தியல் படத்தை இட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. தமிழர் ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டு, இது விழுந்துதான் காண்டிராக்டர் நேசமணியின் மண்டை உடைந்தது என்று சேர்த்து எழுதினார். 2001-இல் வெளியான ‘ஃபிரெண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு ஏற்ற பாத்திரம் அது. செய்தி புரியாத வேற்றுமொழிக்காரர்கள் உண்மையாகவே நலம் விசாரிக்க, நேசமணிக்காகப் பிரார்த்திக்கச் சொல்லும் ஹேஷ்டேக் ட்விட்டரில் உலக அளவில் மேலேறியது. மத்தியில் புதிய அரசு பதவியேற்கும் நேரத்தில் தமிழர்கள் ஒரு கற்பனை மனிதரின் மண்டைக் காயத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். இதைப் ‘பகடிப்படம்’ என்று எப்படிச் சொல்வது?

‘அங்கதம்’ என்ற பழஞ்சொல்லையும் சிலர் பரிந்துரைப்பதுண்டு. அழகான சொல். தொல்காப்பியச் செய்யுளியல் அதை வெளிப்படையாகப் பழிப்பது, மறைத்துப் பழிப்பது என இரண்டாகப் பிரிக்கிறது. அரசியல் மீம்கள் பலவற்றுக்கு இந்தப் பகுப்பு இன்றும் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் அங்கதம் என்பது நோக்கத்தின் பெயர். பூனைப் படத்தைப் பகிர்பவருக்கு யாரையும் பழிக்கும் நோக்கம் இல்லை.

சிரிப்பும் வேண்டாம், படமும் வேண்டாம், போலச் செய்தல் என்ற கருவை மட்டும் பிடிக்கும் சொல் வேண்டும் என்றால், ‘போல்’ என்ற உவம வேரைத் தவிர வேறிடம் போகத் தேவையில்லை. அதிலிருந்து இயல்பாக வரும் பெயர் ‘போலி’. ஐந்து என்பது அஞ்சு என்றும், பந்தல் என்பது பந்தர் என்றும் வருவதை இலக்கணம் போலி என்றே அழைக்கிறது. ஓர் எழுத்தின் இடத்தில் வேறெழுத்து நின்றும் பொருள் மாறாதது அது. மீமுக்கு இது பொருந்தியிருக்கும். ஆனால் போலி மருத்துவர், போலிச் சான்றிதழ் என்று அந்தச் சொல் ஏமாற்றுக்குப் பெயராகிவிட்டது. அதை மீட்டு வருவது இனி நடக்காது.

எனவே ‘போன்மி’. சில ஆண்டுகளாகச் சமூக ஊடகங்களில் சுற்றிவரும் கலைச்சொல் பட்டியல்களில், புலனம் (வாட்ஸ்அப்), வலையொளி (யூடியூப்), அருகலை (வைஃபை) ஆகியவற்றோடு இதையும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பட்டியலில் எனக்கு ஒப்பாத சொற்கள் பல உண்டு. வாட்ஸ்அப் போன்ற ஒரு நிறுவனத்தின் இடுபெயரை ஏன் மொழிபெயர்க்க வேண்டும் என்பது எனக்கு விளங்கியதே இல்லை. போன்மி அப்படியில்லை. அது ஒரு கருத்துக்கு வைத்த பெயர். வைத்தவர் இலக்கணம் அறிந்தவர்.

பள்ளியில் மகரக்குறுக்கம் படித்தவர்களுக்குப் ‘போன்ம், மருண்ம்’ என்ற இரண்டு எடுத்துக்காட்டுகளும் மறந்திருக்காது. போலும் என்பது செய்யுளில் உகரம் கெட்டு, லகரம் னகரமாகத் திரிந்து, ‘போன்ம்’ என நிற்கும். அந்த னகரத்துக்குப் பின்வரும் மகரம் தன் அரை மாத்திரையிலிருந்து கால் மாத்திரையாகக் குறுகும். தொல்காப்பியம் மொழிமரபிலேயே இதைச் சொல்லிவிடுகிறது. டாக்கின்ஸ் ‘மிமீம்’ என்பதைக் குறுக்கி மீம் செய்தார். தமிழோ ‘போலும்’ என்பதை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குறுக்கி வைத்திருந்தது. அதன்மேல் இகர விகுதி ஏறப் போன்மி பிறந்தது. கறாரான இலக்கணக்காரர்கள் இரண்டு தடை சொல்லலாம். போன்ம் என்பது வினைமுற்று வடிவம், அதன்மேல் பெயர் விகுதி ஏறுமா என்பது ஒன்று. இகரம் சேர்ந்ததும் மகரம் உயிர்மெய்யாகிவிடுவதால் குறுக்கமே மறைந்துபோகிறதே என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமானவை. ஆனால் வருடி, செயலி என்று இகர ஈற்றுப் பெயர்களுக்குப் பழகிய காதுக்குப் போன்மி எங்கும் இடறுவதில்லை. என்னைப் பொறுத்தவரை அது போதும்.

‘போன்ம்’ இலக்கண நூலில் மட்டும் உறைந்து கிடந்த வடிவமுமன்று. கலித்தொகையின் முல்லைக்கலியில், ஏறுதழுவலைப் பாடும் 101-ஆம் பாட்டை எடுத்துப் படியுங்கள். அஞ்சாமல் பாய்ந்த பொதுவனை, அதாவது ஆயர்குல இளைஞனை, காளை கொம்பில் கோத்துக் குலைக்கிறது. ‘குலைப்பதன் தோற்றம் காண்’ என்று காட்டிவிட்டு, புலவர் நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு கதைக் காட்சியைப் பக்கத்தில் வைக்கிறார். திரௌபதியின் கூந்தலில் கைவைத்தவனின் நெஞ்சைப் பிளந்து பீமன் தன் வஞ்சினத்தை முடித்தது போன்ம். அடுத்த காளை வருகிறது, அதே ‘தோற்றம் காண்’, இந்த முறை எருமையேறியவனின் நெஞ்சைப் பிளக்கும் சிவன் போன்ம். மூன்றாவது காளைக்குத் தந்தையைக் கொன்றவனை இருளில் தேடிவந்து திருகும் அசுவத்தாமன் போன்ம். பெயரைக்கூடச் சொல்வதில்லை, கேட்பவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில் செயலை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார் சோழன் நல்லுருத்திரன். கண்முன் நடப்பது ஒன்று, எல்லாருக்கும் தெரிந்த பழைய காட்சி ஒன்று, இரண்டையும் கட்டும் ஒரு சொல், பிறகு அதே சட்டகத்தில் அடுத்தது. இன்று ஒரு பட்ஜெட் அறிவிப்பை ஒரு திரைப்படக் காட்சியோடு ஒட்டுபவர் செய்வதும் இதைத்தான். 2017 ஜனவரியில், ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்து மெரினாவில் இளைஞர்கள் திரண்டபோது கைப்பேசிகளில் குவிந்த படங்களை நினைத்துப் பார்த்தால், இந்தச் சொல் தன் சொந்த ஊருக்கே திரும்பி வந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

அந்தச் சட்டகத்தை மீம் செய்பவர்கள் ‘டெம்ப்ளேட்’ என்கிறார்கள். தமிழ் விக்கிப்பீடியா ‘வார்ப்புரு’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது, நல்ல சொல். இசையிலும் நமக்கு இப்படியொரு வழக்கம் இருந்தது. பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களிலும், சந்தைகளில் மலிவாக விற்ற குஜிலிப் பதிப்புகளிலும் பாட்டின் தலையில் ‘இன்ன பாட்டின் வர்ணமெட்டு’ என்று அச்சிட்டிருப்பார்கள். கொலை வழக்கோ, வெள்ளமோ, விடுதலைப் போராட்டமோ, புதிய செய்தியைப் பழகிய மெட்டில் ஏற்றினால்தான் சந்தையில் கேட்பவர் அதை வீட்டுக்குப் போய்ப் பாடுவார். டாக்கின்ஸ் தந்த எடுத்துக்காட்டுகளில் மெட்டும் இருந்தது தற்செயலன்று.

சட்டகம் பொதுவாகிவிட்டால், அதில் எதை ஏற்றுவது என்பது படைத்தவர் கையில் இருப்பதில்லை. மாட் ஃபியூரி என்ற அமெரிக்க ஓவியர் 2005-இல் ஒரு படக்கதைக்காக வரைந்த ‘பெப்பே’ என்ற சாதுவான தவளை, இனவெறியர்களின் கையில் சிக்கி, 2016-இல் ‘அவதூறு எதிர்ப்புக் கழகம்’ என்ற அமெரிக்க அமைப்பின் வெறுப்புச் சின்னங்கள் பட்டியலில் ஏறியது. வெறுத்துப்போன ஃபியூரி 2017-இல் அந்தத் தவளை இறந்துவிட்டதாகவே ஒரு படம் வரைந்தார், அது சாகவில்லை. 2019-இல் ஹாங்காங் வீதிகளில் மக்களாட்சி கேட்டுத் திரண்ட இளைஞர்கள் அதே தவளையைத் தங்கள் சின்னமாகத் தூக்கிப் பிடித்தார்கள். பகடி, கேலி, நகை என்று தொடங்கும் எந்தத் தமிழாக்கமும் இந்தத் தவளையின் வரலாற்றைத் தாங்காது. போன்மி தாங்கும், ஏனென்றால் அது நோக்கத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

ஒரு சொல் நிலைக்குமா என்று பார்க்க அதன்மேல் விகுதிகளை ஏற்றிப் பார்ப்பது என் வழக்கம். போன்மியை, போன்மியால், போன்மிகள் என வேற்றுமையும் பன்மையும் தடையின்றி வருகின்றன. மீம் செய்பவர் போன்மியாளர்; பரவல் பற்றிய ஆய்வுத்துறை போன்மியியல். பேச்சில் மீம் இருக்கட்டும், அதை யாரும் பிடுங்க வேண்டாம். பாடநூல், ஆய்வுக்கட்டுரை, தலையங்கம் ஆகியவற்றில் போன்மி வரட்டும். முதல்முறை எழுதும்போது ‘போன்மி எனப்படும் மீம்’ என்று ஒருமுறை சேர்த்து எழுதினால் வாசகர் திகைக்க மாட்டார். போன்மி என எழுத மனம் ஒப்பாதவர்கள் ‘மீம்’, ‘மீம்கள்’ என்றாவது எழுதலாம். ‘மீம்ஸ்கள்’ மட்டும் வேண்டாம்.