குணமடைந்த குழந்தைகளின் கணக்கும் கணக்கில் வராத குழந்தைகளும்

அரசுகள் வெளிநாட்டுக் குழந்தைகளுக்கென ஒதுக்கும் உதவிநிதியில் ஒரு பகுதி, 1919இல் லண்டனில் தொடங்கப்பட்ட 'சேவ் தி சில்ட்ரன்' போன்ற தொண்டு நிறுவனங்களின் வழியாகச் செலவாகிறது. அதை மதிப்பிடும் பணியில் இருப்பவன் என்ற முறையில், சோமாலியா போன்ற வறட்சி நாடுகளின் ஊட்டச்சத்துச் சிகிச்சைத் திட்டங்களைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஆறு மாதத்துக்கு மேற்பட்ட, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மேல்கைச் சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் குறைந்தால், கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு எனப் பதிந்து, வேர்க்கடலைப் பசைப் பொட்டலங்களைக் கொடுப்பார்கள். சிகிச்சையிலிருந்து வெளியேறியவர்களில் குணமடைந்தோர் 75 விழுக்காட்டுக்கு மேலும், இடையில் நின்றோர் 15க்குக் கீழும், இறந்தோர் 10க்குக் கீழும் இருக்க வேண்டும் என்கிறது, பேரிடர் உதவிப் பணிகளுக்கான பன்னாட்டு அளவுகோலான ஸ்பியர் தரநிலை. அறிக்கைகள் பெரும்பாலும் இவற்றில் தேறிவிடும். ஆனால் இந்த விழுக்காடுகள் எல்லாம் மையத்துக்கு வந்து சேர்ந்த குழந்தைகளை வைத்துப் போடப்பட்டவை. வராத குழந்தைகள் எத்தனை பேர் என்பதற்கும் அதே தரநிலையில் அளவுகோல் உண்டு: சிகிச்சை தேவைப்படுவோரில் கிராமங்களில் 50, நகரங்களில் 70, முகாம்களில் 90 விழுக்காட்டினரையாவது திட்டம் எட்டியிருக்க வேண்டும். இதை அறிய ஊர் ஊராகத் தேட வேண்டும் என்பதால், செலவைக் குறைக்கும்போது முதலில் கைவைக்கப்படுவது இந்தக் கணக்கெடுப்பில்தான்.

பதிவேட்டையும் புரட்டிப் பார்க்க வேண்டும். அளவுகள் எல்லாம் 114இலேயே குவிந்திருந்தால், பொட்டலம் கிடைக்கட்டுமே என்று ஊழியர் அளவுநாடாவைச் சற்று இறுக்கியிருக்கக்கூடும். அதை மோசடி என்று எழுத எனக்குக் கை வராது. ஆனால் லேசான பாதிப்புள்ள குழந்தைகள் இப்படிச் சேரும்போது குணமடையும் விழுக்காடு தானாகவே கூடிவிடும் என்பதை எழுதாமல் விடவும் முடியாது.

நிதி கொடுத்த அரசு பெரும்பாலும் இந்த ஆய்வுக்கு வெளியே நின்றுகொள்கிறது. சோமாலியாவில் 2010இலேயே எச்சரிக்கைகள் வந்தும், பஞ்சம் அறிவிக்கப்பட்ட 2011 ஜூலைக்குப் பிறகே நிதி பெருமளவில் வரத் தொடங்கியது. 2010 அக்டோபர் முதல் 2012 ஏப்ரல் வரை ஏறத்தாழ 2,58,000 பேர் வழக்கத்தைவிடக் கூடுதலாக இறந்ததாகவும், அவர்களில் 1,33,000 பேர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் என்றும் பின்னர் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அத்தகைய தாமதத்தைக் களத்தில் பொட்டலம் கொடுத்தவர் மீது சுமத்துவது நியாயமன்று. 2011இல் பிரிட்டன் அமைத்த உதவி ஆய்வுக்கான சுதந்திர ஆணையம், அமைச்சருக்கு அல்லாமல் நாடாளுமன்றக் குழுவுக்கே அறிக்கை தருவதால், அரசின் பங்கையும் கேள்விக்கு உட்படுத்த அதனால் முடிகிறது. தொண்டு நிறுவனமே மதிப்பீட்டாளரை அமர்த்தும் இடங்களில், நிதி கேட்ட நாள், ஒப்புதல் நாள், பணம் வந்த நாள் ஆகிய மூன்றுக்குமான ஆவணங்களைத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.