நித்திரையாக்கிறதா, நித்திரையாகிறதா? ‘ஸ்லீப் ட்ரெய்னிங்’ என்பதற்குத் தமிழ்

கைப்பிள்ளை இருக்கிற மட்டக்களப்பு வீட்டில் இரவு எட்டு மணிக்கு இரண்டு விதமாகக் கேட்பார்கள். “புள்ளைய நித்திரையாக்கிட்டியா?” என்பது ஒன்று. “புள்ள நித்திரையாகிட்டா?” என்பது மற்றது. இரண்டுக்கும் நடுவே ஒரேயொரு ககர ஒற்றுத்தான் வித்தியாசம். ஆக்குதல் பிறவினை, ஆகுதல் தன்வினை. முதல் கேள்வியில் வேலை தாயினுடையது, இரண்டாவதில் பிள்ளையினுடையது.

கல்முனையிலும் காத்தான்குடியிலும் களுவாஞ்சிகுடியிலும் இளம் தாய்மார் கைபேசியில் பார்த்துப் பேசிக்கொள்ளும் ‘ஸ்லீப் ட்ரெய்னிங்’ என்பதன் முழுப் பொருளும் அந்தக் ககர ஒற்றை விட்டுவிடுவதுதான். வயிறு நிறைந்த பிள்ளையை விழிப்போடு படுக்கையில் கிடத்தி, ஆட்டாமல், தோளில் போடாமல், முலையோ போத்தலோ வாயில் இல்லாமல், தானே கண்மூடி உறங்கப் பழக்குவது. இராப்பாலை நிறுத்துவது இதில் சேராது. பிள்ளையைத் தனி அறையில் போடுவதும் சேராது. இந்த இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டுதான் பலர் பயப்படுகிறார்கள், அல்லது பிழையாகத் தொடங்குகிறார்கள்.

‘ட்ரெய்ன்’ என்ற ஆங்கில வினை, ‘இழு’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் இருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. தோட்டக்காரர் கொடியை ஒரு திசையில் வளரவிடுவதற்கும் அந்தச் சொல்லே வழங்கியது. நமது பந்தலில் பயற்றங்கொடியைப் படரவிடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பை நட்டு நுனியைக் காட்டுவதோடு நம் வேலை சரி, சுற்றிக்கொள்வது கொடி. குழந்தை நித்திரையில் இந்தச் சொல் பரவலாக அடிபட்டது, அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ரிச்சர்ட் ஃபெர்பர் 1985இல் இதைப் பற்றி எழுதிய நூலுக்குப் பிறகு. பிள்ளையை அழவிட்டுக் கதவைச் சாத்தும் முறை என்று அவர் பெயரில் சொல்லப்படுகிறது. அது சரியல்ல. அவர் சொன்னது, குறித்த இடைவெளிகளில் உள்ளே போய்த் தேற்றிவிட்டு வருவதை.

இதோடு ஒட்டிவரும் இன்னொரு சொல் ‘செல்ஃப் சூதிங்’. 1970களில் தாமஸ் ஆண்டர்ஸ் என்ற ஆய்வாளர் குழந்தைகளின் இரவுகளை வீடியோவில் பதிந்து பார்த்தார். இரவில் எல்லாப் பிள்ளைகளும் விழிக்கின்றன. சில பிள்ளைகள் அழுது கூப்பிடுகின்றன, சில சத்தமில்லாமல் திரும்ப உறங்கிவிடுகின்றன. இரண்டாவது வகைக்கு அவர் வைத்த பெயர் அது. கண்டதற்கு வைத்த பெயர், பிள்ளைக்கு இட்ட கட்டளை அல்ல. தமிழில் இதற்கும் அதே இணை கையிலிருக்கிறது: தேற்று, தேறு. ‘சுயதேற்றல்’ என்று வலிந்து எழுதத் தேவையில்லை, ‘தானே தேறுதல்’ போதும்.

இனி, பலர் எழுதும் ‘தூக்கப் பயிற்சி’. தமிழ்நாட்டில் இது விளங்கும். இலங்கையின் கிழக்கில் காதுக்கு ஒட்டாது. தூங்கு என்ற வினையின் பழைய பொருள் தொங்குதல், ஊசலாடுதல். ஆகாயத்தில் தொங்கிய கோட்டையைச் சங்கப் பாட்டு ‘தூங்கெயில்’ என்கிறது. ‘தூங்குக தூங்கிச் செயற்பால’ என்ற குறளில் அது அவசரப்படாமல் தாமதித்துச் செய்வதைக் குறிக்கிறது. உறக்கம் என்ற பொருள் பின்னால் ஏறியது. நம் பேச்சில் மரத்தில் மாங்காய் இன்னும் தூங்குகிறது, பிள்ளை நித்திரை கொள்கிறது. அதோடு தூங்கு என்பதன் பிறவினை தூக்கு. ஆட்டாமலும் தூக்காமலும் உறங்கப் பழக்குகிற காரியத்துக்கு ஆட்டத்தையும் தூக்குதலையும் வேரிலே வைத்திருக்கும் சொல் எப்படிப் பொருந்தும்? நித்திரை வடமொழியில் இருந்து வந்தது என்பதால் எழுத்துக்கு உறக்கம் என்றே கொள்ளலாம். ‘பயிற்சி’யும் வேண்டாம். அது வகுப்பறையையும் மைதானத்தையும் நினைவூட்டுகிறது. பிள்ளை விஷயத்தில் எங்கள் வாயில் வருவது ‘பழக்கிறது’. அங்கேயும் பழகு, பழக்கு என்ற அதே இணை: தாய் பழக்குகிறாள், பிள்ளை பழகுகிறது. தானியங்கி என்ற சொல் அமைந்த வழியில் ‘தானுறக்கம்’, செயலுக்குத் ‘தானுறங்கப் பழக்குதல்’. பேச்சில் ‘தானா நித்திரையாகப் பழக்கிறது’ என்றால் வெல்லாவெளியிலும் அக்கரைப்பற்றிலும் ஒருவரும் திரும்பக் கேட்கமாட்டார்கள்.

தாலாட்டு என்பதையும் இங்கே பார்க்க வேண்டும். தால் என்றால் நாக்கு. தாலாட்டில் ஆடுவது நாக்கு, ஏணை என்கிற சேலைத் தொட்டில் அல்ல. பாட்டை விடவேண்டியதில்லை; ஆட்டத்தை மட்டும் குறைத்தால் போதும் என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது.

ஏணைதான் இங்கே முக்கிய சிக்கல். கூரை வளையில் கட்டிய பழைய சேலைக்குள் பிள்ளை ஆடியபடி கண்மூடுகிறது. குழந்தையின் நித்திரைச் சுற்று ஏறத்தாழ 45 முதல் 60 நிமிடம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மேலோட்டமாக ஒரு விழிப்பு வரும். கண்மூடும்போது ஆடிக்கொண்டிருந்தது, விழிக்கும்போது ஆடவில்லை. ஆகவே பிள்ளை அழுது ஆட்டத்தைக் கேட்கிறது. முலையோடு உறங்கிய பிள்ளை முலையைக் கேட்கும், தோளில் உறங்கியது தோளைக் கேட்கும். ஆங்கிலத்தில் ‘ஸ்லீப் அசோசியேஷன்’ என்பது இதையே. நித்திரைப் பிடிமானம் என்று சொல்லலாம். பிடிமானம் இருப்பது பிழையல்ல. நடுச்சாமத்தில் பிள்ளைக்குத் தானாக எட்டாத பிடிமானம்தான் தொல்லை. விரல் சூப்புகிற பிள்ளைக்கு விரல் எப்போதும் கிட்ட இருக்கிறது, ஏணைக்கயிறு அப்படியல்ல.

ஏணைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. வளைந்த துணிக்குள் நாடி, அதாவது முகவாய், நெஞ்சில் முட்டினால் சின்னப் பிள்ளையின் மூச்சுவழி நெருங்கும், துணி முகத்தில் ஒட்டும். புரளத் தொடங்கிய பிள்ளை விழும். இரவு முழுக்க விடும் படுக்கையாக அதை வைத்திருக்கக் கூடாது. மட்டமான, உறுதியான மெத்தை அல்லது பாய்மேல் இறுக்கமாக விரித்த துணி, மல்லாக்காகக் கிடத்தல், தலையணையும் கடுகுத் தலையணையும் போர்வையும் இல்லாமல், நுளம்பு வலைக்குள். வலையின் விளிம்பு பிள்ளையின் கைக்கு எட்டாத அளவு அகலமாக இருக்க வேண்டும். நுளம்புச் சுருளை அந்த அறையில் கொளுத்த வேண்டாம்.

எப்போது தொடங்கலாம்? நாலு மாதத்துக்கு முன் கூடாது. பகல் இரவு வேறுபாடே இரண்டு, மூன்று மாதத்தில்தான் உடலில் ஏறத் தொடங்குகிறது. ஆறு மாதத்தில் தொடங்குவது இலகு. மாதம் முந்திப் பிறந்த பிள்ளைக்கு, பிறக்க இருந்த திகதியில் இருந்து வயதை எண்ணுங்கள். கிளினிக் பதிவேட்டில் நிறைக் கோடு ஒழுங்காக ஏறுகிறதா என்று முதலில் பாருங்கள். கோடு கிடையாகவோ கீழாகவோ போனால், மூச்சு இழுத்தாலோ, குறட்டை விட்டு இடையில் மூச்சு நின்றாலோ, பழக்குவதை வைத்துவிட்டு மிட்வைஃபிடமோ வைத்தியரிடமோ காட்டுங்கள். தடுப்பூசி போட்ட இரவு, காய்ச்சல் நாள், வைகாசியில் பக்கத்து அம்மன் கோயில் சடங்குக்கு ஒலிபெருக்கி கட்டிய வாரம், வீடே சஹருக்கு எழும்பும் நோன்பு மாதம், இவற்றில் தொடங்க வேண்டாம். இரண்டு வாரம் அமைதியாகக் கிடைக்கும் காலத்தைப் பாருங்கள். கச்சான் வீசும் புழுக்கத்தில் தொடங்குவதென்றால் மெல்லிய பருத்திச் சட்டை ஒன்றே போதும். பிடரியில் கைவைத்துப் பார்த்தால் வியர்வை தெரியும்.

மாலை ஒழுங்கு முப்பது நிமிடத்துக்குள் முடிய வேண்டும். ஆறு மாதப் பிள்ளை ஒரு நித்திரைக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு, இரண்டரை மணி நேரம்தான் தாங்கும். இதைத் தாண்டினால் களைப்பு மிஞ்சி, உடம்பை வில்லாக வளைத்து அழும். “நல்லா களைக்கட்டும், மறுகா நித்திரையாகும்” என்று விளையாட விடுவது அதனால்தான் எதிர்மாறாகப் போகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் உடல் துடைத்து, துணியோ பம்பர்ஸோ மாற்றி, லைட் எரியும்போதே பால் கொடுத்து, ஏவறை எடுத்து, பிறகு வெளிச்சத்தைக் குறைத்து ஒரே பாட்டு. பாலுக்கும் படுக்கைக்கும் இடையில் பத்து நிமிடமாவது இருக்கட்டும். பால்தான் கண்ணை மூடவைக்கிறது என்ற தொடர்பு அங்கேதான் அறுகிறது.

படுக்கையில் வைக்கும் கணத்தைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். இமை பாரமாகி ஒருதரம் மூடித் திறக்கும். பார்வை ஒன்றிலும் நிலைக்காது. பொத்தியிருந்த கைவிரல்கள் தளரத் தொடங்கும், ஆனால் முழுதாக விரிந்திராது. அதுதான் நேரம். விரல் முழுதாக விரிந்து கை துவண்டு விழுந்தால் பிள்ளை உறங்கிவிட்டது, அன்றைய பழக்கம் போய்விட்டது.

ஒரே அறையில் எல்லோரும் படுக்கும் வீடுகளுக்குப் பொருத்தமானது, பக்கத்தில் இருந்து மெல்ல விலகும் முறை. முதல் மூன்று இரவு ஏணையை ஆட்டி, அழுகை அடங்கியதும் கண்மூடும் முன்னே நிறுத்துங்கள்; உறங்கியதும் பாய்க்கு மாற்றிவிடுங்கள். அடுத்த மூன்று இரவு பாயில் கிடத்தி நெஞ்சில் தட்டுங்கள். பிறகு மூன்று இரவு தட்டாமல் கையை வைத்திருங்கள். பிறகு கையை எடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்து பாட்டு மட்டும். கடைசியாக, நீங்கள் இருக்கும் கதிரையை இரண்டு மூன்று நாளுக்கு ஒருதரம் தள்ளிப் போடுங்கள். மொத்தம் இரண்டு, மூன்று வாரம். அறை தனியாக இருந்தால் ஃபெர்பர் சொன்ன இடைவெளி முறை: முதல் இரவு 3, 5, 10 நிமிடம் விட்டு உள்ளே போய் ஓரிரு நிமிடம் தேற்றுதல், அடுத்த இரவு 5, 10, 12. இதற்கு ‘அழவிடல்’ என்று பெயர் வைப்பது பொருந்தாது. ‘இடைவிட்டுத் தேற்றல்’ சரியான சொல். இப்படிப் பழகிய பிள்ளைகளை ஐந்து வருடம் கழித்துப் பார்த்த அவுஸ்திரேலிய ஆய்வொன்று 2012இல் வந்தது. பிள்ளைக்கும் தாய்க்கும் கெடுதியும் இல்லை, நெடுநாள் நிற்கும் தனி நன்மையும் இல்லை. ஆகவே மனம் ஒப்பாத தாய் இதைச் செய்தே ஆகவேண்டும் என்று எவரும் நெருக்கக் கூடாது.

பிழை நேரும் இடம் பெரும்பாலும் கை மாறும் இடம். இங்கே தாய்வழிக் குடியிருப்பு என்பதால் மணமான பிறகும் பெண் தாயோடுதான் இருக்கிறாள். அம்மம்மாவோ உம்மம்மாவோ கூப்பிடு தூரத்தில் இருப்பார். அழுகை கேட்டதும் “ஏன்கா புள்ளைய அழவிடுறாய்” என்று தூக்கிவிடுவார். அது அன்பு, குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நாற்பது நிமிடம் அழவிட்டுப் பிறகு ஏணையில் போட்டு ஆட்டினால், நாற்பது நிமிடம் அழுதால் ஏணை வரும் என்றுதான் பிள்ளை படிக்கும். தொடங்கும் முன் அவருக்கு எல்லாவற்றையும் சொல்லி, பாட்டை அவரிடமே கொடுங்கள். அவர் பாடட்டும், ஆட்ட வேண்டாம்.

இன்னொன்று, நித்திரையில் பிள்ளை முனகும், நெளியும், ஒருதரம் சிணுங்கும். உடனே எடுக்காமல் ஒன்றிரண்டு நிமிடம் பொறுங்கள். பல நேரம் அது விழிப்பே அல்ல. மூன்று நாலு இரவு நன்றாகப் போய் ஐந்தாம் நாள் அழுகை கூடினால் பயப்பட வேண்டாம், பழைய பிடிமானத்தைக் கடைசியாகக் கேட்டுப் பார்க்கிறது. பகல் நித்திரையை இதே வாரத்தில் பழக்க வேண்டாம். அது கடினம், இரவு நிலைத்த பிறகு பார்க்கலாம். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு உறங்கவிடாதீர்கள்.

இராப்பால் கேட்டு எழும்பினால் கொடுங்கள். மங்கல் வெளிச்சத்தில், பேச்சு இல்லாமல், உறிஞ்சல் தளர்ந்ததும் முலையை எடுத்து, கண் பாதி திறந்திருக்கும்போதே திரும்பப் பாயில் கிடத்துங்கள்.