மைக்ரோபயோம்: எங்கே பிரிப்பது?

இந்தச் சொல்லை இரண்டு இடத்தில் பிரிக்கலாம். மைக்ரோப் + ஓம் என்று பிரித்தால், ஓரிடத்தில் இருக்கும் நுண்ணுயிர்கள் அத்தனையும் என்று பொருள். ஜீனோம் என்ற சொல்லின் வால்தான் அந்த ‘ஓம்’. மைக்ரோ + பயோம் என்று பிரித்தால் கதை வேறு. பயோம் என்பது மழைக்காடு, புல்வெளி, தூந்திரம் போல, தட்பவெப்பமும் அங்கு வாழும் உயிர்களும் சேர்ந்த ஒரு பெரும் பரப்பு. அதன் சிற்றுருவம் மைக்ரோபயோம்.

நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் 2001-இல் ஆக்கிய சொல் இது என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அவர் பரப்பினார் என்றால் சரி. 1988-லேயே விப்ஸ், லூயிஸ், குக் என்ற மூன்று ஆய்வாளர்கள் பயிர்நோய்க் கட்டுப்பாடு பற்றி எழுதியபோது இதைக் கையாண்டுவிட்டார்கள். நுண்ணுயிர்களோடு, அவை இயங்கும் இடத்தையும் அதன் வேதி, இயற்பியல் தன்மைகளையும் சேர்த்துத்தான் அவர்கள் இதற்குப் பொருள் சொன்னார்கள். அதாவது, இரண்டாவது பிரிப்பு.

முதல் பிரிப்பில் வரும் ‘மைக்ரோப்’ இன்னும் பழையது. 1878-இல் செடியோ என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் ‘சிறிய உயிர்’ என்ற பொருளில் கிரேக்க வேர்களிலிருந்து ஆக்கினார். கிரேக்க இலக்கணப்படி இது ‘குறைந்த ஆயுள் உள்ளது’ என்றல்லவா ஆகும் என்று ஆட்சேபம் எழுந்தது. அகராதிக்காரர் லித்ரே, பரவாயில்லை, நல்ல சொல் என்று அதன் பக்கம் நின்றார். தமிழில் ‘நுண்ணுயிர்’ என்னும்போது இந்த வம்பே இல்லை.

பிரிக்கும் இடத்துக்கு ஏன் இவ்வளவு கவலை? நீண்டகாலச் சூழலியல் கண்காணிப்பில் அது ஒரு நடைமுறைச் சிக்கல்: நுண்ணுயிர்களை மட்டும் பதிவுசெய்தால் போதுமா, அவை இருக்கும் இடத்தின் தன்மையும் வேண்டுமா? பறவை, மரம், மழை என்று பல ஆண்டுகள் தொடர்ந்து பதிவுசெய்யும் களங்களில் நுண்ணுயிர்கள் வெகுகாலம் கணக்கிலேயே வரவில்லை. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் 1843 முதல் பயிர்ச் சோதனை நடக்கிறது. பழைய மண் மாதிரிகளும் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அவை உலர்த்தி வைத்த மண். சத்துக்களை அளக்க அது போதும், உயிரோடிருந்த நுண்ணுயிர்களைத் தேட அவ்வளவாக உதவாது.

அமெரிக்காவின் நியான் என்ற தேசியச் சூழலியல் கண்காணிப்பு வலையமைப்பு இதை வேறு மாதிரி செய்கிறது. 81 களங்கள், 30 ஆண்டுத் திட்டம். மண்ணைக் குடைந்து எடுத்ததும் ஒரு பங்கைப் பையிலிட்டு, நின்ற இடத்திலேயே உலர்பனிக்குள் வைத்துவிடுவார்கள். பிறகு அது மைனஸ் 80 டிகிரி உறைபெட்டிக்குப் போகும். டிஎன்ஏ-வைப் பிரித்துப் படிப்பது அப்புறம். அதே மண்ணின் ஈரம், வெப்பம், அமிலத்தன்மை எல்லாம் கூடவே பதிவாகும். இவை இல்லாமல் பெயர்ப்பட்டியலை மட்டும் வைத்திருந்தால், பத்தாண்டு கழித்து ஒரு பாக்டீரியா குறைந்திருப்பது தெரியும், ஏன் குறைந்தது என்று தேட வழியிருக்காது. டிஎன்ஏ-வைப் பிரிக்கும் முறையை நடுவில் மாற்றினாலும் தொல்லைதான்: மாறியது மண்ணா, முறையா என்று சொல்ல முடியாது. இன்னொரு வேடிக்கை, செத்த செல்களின் டிஎன்ஏ-வும் மண்ணில் கிடக்கும். பட்டியலில் இருப்பதெல்லாம் உயிரோடு இருப்பவை அல்ல.

சரி, தமிழில்? ‘நுண்ணுயிர்த் தொகுதி’ என்பது உயிர்களை மட்டும் குறிக்கிறது. இடத்தைச் சேர்க்காமல் நுண்ணுயிர்களை மட்டும் சொல்லும் மைக்ரோபயோட்டா என்ற சொல்லுக்கு அதை விட்டுவிடலாம். ‘நுண்ணுயிரகம்’ அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் மருந்தகம், உணவகம் வரிசையில் நின்று, நுண்ணுயிர் விற்கும் கடை போல ஒலிக்கிறது. ‘நுண்ணுயிர்ச் சூழல்’ என்றால் உயிர் பின்னால் போய், சூழல்தான் முன்னால் நிற்கும்.

என் தேர்வு ‘நுண்ணுயிர்க்களம்’. களம் என்றால் வெற்று இடம் அல்ல, ஏதோ நடக்கிற இடம்: போர்க்களம், நெற்களம், ஆடுகளம். களப்பணி என்றும் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிறோம். மண் நுண்ணுயிர்க்களம், வேர் நுண்ணுயிர்க்களம், கடல் நுண்ணுயிர்க்களம் என்று தடையில்லாமல் சேர்கிறது. குடலுக்கு மட்டும் கொஞ்சம் இடறுகிறது. ‘குடல் நுண்ணுயிர்க்களம்’ என்றால் உள்ளே சண்டை நடக்கிற மாதிரி இருக்கிறது, அது முழுப் பொய்யும் அல்ல.