அப்பா பார்க்காத டாங்கி

1971 இந்தியா-பாகிஸ்தான் போரில் அப்பா பீரங்கிப் படையில் இருந்தார். மேற்கு எல்லை, ஷக்கர்கர் பகுதி, அப்போது வயது இருபது. இப்போது தக்கலைக்குப் பக்கத்தில் கொஞ்சம் ரப்பரும் நாலு மூடு மரச்சீனியுமாக இருக்கிறார். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் டிவியில் யூடியூபைத் திறந்து அந்தப் பகுதியில் டாங்கிகள் மோதிக்கொண்ட பசந்தர் ஆற்றுச் சண்டை பற்றிய ஆவணப்படங்களைப் பார்ப்பார், பார்த்ததையே மறுபடியும் பார்ப்பார். அந்தப் பழக்கம் வந்த பிறகுதான் அவர் சொல்லும் கதைக்குள் ஒரு டாங்கி நுழைந்தது. "எனக்க கண்ணு முன்னால நின்னு எரிஞ்சுது மக்களே."

இதில் ஒரு சிக்கல். அவர் வேலை பார்த்தது 25 பவுண்டர் பீரங்கியில். அதன் குண்டு சுமார் 12 கிலோமீட்டர் போகும். சுடுகிறவர்கள் சண்டைக்குப் பின்னால் வெகுதூரத்தில் நிற்பார்கள், முன்னால் இருக்கும் ஒருவர் வயர்லெஸ்ஸில் கணக்குச் சொல்வார், இவர்கள் குழாயைத் திருப்பிச் சுடுவார்கள். குண்டு எங்கே விழுந்தது என்று யாராவது சொன்னால்தான் தெரியும் என்று நான் சின்னப் பையனாக இருந்தபோது அவரே சொல்லியிருக்கிறார்.

அப்பா பொய் சொல்லவில்லை. நினைவு வேலை செய்யும் விதமே அப்படி.

கேசட்டில் பதிந்து வைத்ததுபோல மூளையில் எதுவும் கிடப்பதில்லை. நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகள் பலப்படுவதுதான் நினைவு, அந்த இணைப்பை நிலைநிறுத்தப் புதிய புரதங்கள் வேண்டும். 2000ஆம் ஆண்டு நரம்பியல் ஆய்வாளர்கள் கரீம் நாடர், ஜோசப் லெடூ குழுவினர் எலிகளுக்கு ஒரு சத்தத்தைக் கேட்க வைத்து, கூடவே லேசான மின் அதிர்ச்சியும் கொடுத்தார்கள். அப்புறம் அந்தச் சத்தத்தை மட்டும் ஒலிக்கவிட்டு, பயத்தை எலி நினைவுகூர்ந்த கையோடு, புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தை, மூளையில் பயத்தைக் கையாளும் பகுதியான அமிக்டலாவில் செலுத்தினார்கள். பயம் வெகுவாகக் குறைந்துபோனது! நினைவைக் கிளறாமல் மருந்து மட்டும் கொடுத்தபோதும், கிளறி ஆறு மணி நேரம் கழித்துக் கொடுத்தபோதும் பயம் அப்படியே இருந்தது. அதாவது நினைவை வெளியே எடுத்தால் கொஞ்ச நேரம் அது இளகிக் கிடக்கிறது, மறுபடி உறைய வேண்டியிருக்கிறது. எலிக்கு நடந்ததை மனிதருக்கு அப்படியே பொருத்திவிட முடியாதுதான்.

மனிதரிடம் செய்த சோதனை வேறு. 1974இல் உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் காட்டினார்கள். சிலரிடம் கார்கள் 'மோதியபோது' என்ன வேகம் என்றும், சிலரிடம் 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, கண்ணாடி உடைந்து கிடந்ததா என்ற கேள்விக்கு முதல் கூட்டத்தில் 14 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள், இரண்டாவதில் 32 சதவீதம். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ஒரு சொல்லுக்கே இந்தப் பாடு என்றால், பெரிய திரையில் தினமும் எரிகிற டாங்கிக்குக் கேட்கவா வேண்டும்? காட்சி மனதில் தங்கிவிடும், அது எங்கிருந்து வந்தது என்ற விலாசம்தான் முதலில் அழியும்.

அப்பாவுக்கு அந்த டாங்கியில் துளி சந்தேகமும் இல்லை. பயந்த நேரத்தில் அமிக்டலா நினைவை ஆழமாகப் பதியவைக்கிறது, கோயில் கொடைக்குக் கதினா வெடித்தால் இன்றைக்கும் அவருக்குத் தோள் குலுங்குவது அதனால்தான். ஆனால் ஆழமாகப் பதிந்ததெல்லாம் சரியாகப் பதிந்தது என்று ஆகாது, உறுதி வேறு, துல்லியம் வேறு.

வாசனை கொஞ்சம் தனி ரகம். பார்வையும் ஒலியும் புலன் செய்திகளைக் கடத்திவிடும் தலாமஸ் வழியாகச் சுற்றிப் போக, மணம் நேராக அமிக்டலாவுக்கும், நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பக்கத்துக்கும் போய்விடுகிறது. தவிர, டிவிக்கு வாசனை கிடையாது, அதனால் வாசனை நினைவுகளில் ஆவணப்படம் எதையும் கலந்திருக்காது என்பது என் ஊகம். போன வாரம் டிவி போடுவதற்கு முன்னால் அப்பா பேசுவதைப் போனில் பதிவு செய்தபடி, போர்க்களத்தில் என்ன வாசனை அடித்தது என்று கேட்டேன். கருமருந்துப் புகை, துப்பாக்கி எண்ணெய், பனியில் நனைந்த கம்பளி என்று தடங்கலே இல்லாமல் சொல்லிக்கொண்டு போனார்.

"டாங்கி எரிஞ்ச வாசனை?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "அது நினைவில்ல மக்களே" என்று சொல்லிவிட்டு ரிமோட்டை எடுத்தார்.