டிஸ்லெக்ஸியா: குறைபாடா, இடர்ப்பாடா?

ஆண்டிறுதியில் ஆசிரியர் சொல்லி அனுப்புவார்: "பிள்ளைக்கு டிஸ்லெக்ஸியா இருக்கும்போல, லீவில் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்." எதைப் பார்ப்பது? வாசிப்பதில் தடுமாறுவதற்கு வைத்த பெயர் அது. சொல்லிலிருந்தே தொடங்கலாம்.

கிரேக்கத்தில் 'டிஸ்' என்றால் கடினம், 'லெக்சிஸ்' என்றால் சொல். 1887-இல் ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மன் கண் மருத்துவரின் நூல்தான் இந்தப் பெயரைப் பரப்பியது. மூளை பாதிக்கப்பட்டு வாசிக்க முடியாமல்போன பெரியவர்களைப் பற்றியே அவர் எழுதினார். அதற்குப் பத்தாண்டு முன்பு குஸ்மவுல் என்ற ஜெர்மன் மருத்துவர் வைத்த பெயர் 'சொற்குருடு'. 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் அதே பெயரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். கணக்கில் கெட்டிக்காரன், தன் பெயரை எழுதினால்கூடத் தப்பு வரும். பாடமெல்லாம் வாய்மொழியாக இருந்தால் இவன்தான் பள்ளியிலேயே முதல்வன் என்றாராம் ஆசிரியர்.

குருடு என்றது பிழை. கண்ணில் கோளாறில்லை, பெரும்பாலும் ஒலியைப் பிரித்து எழுத்தோடு பொருத்துவதில்தான் சிக்கல். 'கொடி' என்ற சொல்லையே பாருங்கள். கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். வாயோ 'க்'கில் தொடங்கி 'ஒ'வுக்குப் போகிறது. நமக்கு இது பழகிப்போனது. அந்தப் பிள்ளை ஒவ்வொரு முறையும் கொம்பைத் தாண்டிப் போய்த் திரும்பி வரவேண்டும்.

தமிழில் இதைக் 'கற்றல் குறைபாடு' என்கிறார்கள். அது எழுதுவது, கணக்கு எல்லாவற்றையும் சேர்த்த பொதுப்பெயர். டிஸ்லெக்ஸியாவுக்கு 'வாசிப்பு இடர்ப்பாடு' என்பதே என் தேர்வு. குறைபாடு என்றால் நிரப்பத் தோன்றும்; கோடை முழுக்கப் பயிற்சித்தாள்தான். இடர் என்றால் எங்கே தடுக்குகிறது என்று தேடுவோம். கொம்பில் தடுக்கினால் மணலில் பெரிதாக எழுதி, எழுதும்போதே வாய்விட்டு ஒலிக்கச் செய்வோம். கதையை நாம் வாசிக்க, பிள்ளை விரல் வைத்துத் தொடரட்டும்.

கூடவே வரும் இன்னொரு சொல், ஏடிஎச்டி: கவனம் ஒன்றில் நிலைக்காமல் துறுதுறுவென்று இருப்பது. அதைக் 'கவனக்குறைவு' என்பது எனக்கு ஒப்பவில்லை. கவனக்குறைவாக வண்டி ஓட்டினால்தான் வழக்குப் போடுவார்கள்! இந்தப் பிள்ளை அலட்சியமாக இல்லை. ஜன்னலில் அணில் ஓடினாலும் அடுப்பில் விசில் வந்தாலும் கவனம் அங்கே போய்விடுகிறது. கவனச்சிதறல் என்பது பரவாயில்லை. பத்து நிமிடம் பாடம், எழுந்து ஓட்டம், மறுபடி பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால் அவனுக்கும் சரி, நமக்கும் சரி.